அவள் படிக்காத அத்தியாயங்கள்

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரையின் மேல் மூலையில், வெள்ளை எழுத்தில், ஒரே ஒரு ஆங்கில வரி: தொடக்கக் கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது, மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கி மீண்டும் தொடங்கவும். அவள் அமுக்கினாள். திரை அணைந்து, பெட்டிக்குள் விசிறி ஒருமுறை உறுமி, அதே வரி அதே மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடி அதே வரி. சலித்துப்போய்க் கையை எடுத்தபோது, மேசையின் ஓரத்திலிருந்த ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

மெல்லியதாக, இருமுறை. படிக்க உட்காருவதற்கு முன் அவளே கனைத்துக்கொள்வாளே, அந்த மாதிரி.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பக்கத்து வீட்டு டிவி இந்த அறைக்குள் கேட்காது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பின்னறையின் சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியுமாக அவள் அறைந்து வைத்திருந்தாள். ஜன்னலையும் விட்டுவைக்கவில்லை. மழை நாளில் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி, அறை முழுக்கத் துவைக்காத போர்வையின் வாடை அடிக்கும். கைதட்டினால்கூடத் தட்டிய சத்தம் கையோடு செத்துப்போகும். வெளியே மதியத்திலிருந்து பெய்துகொண்டிருந்த மழை உள்ளே ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை.

கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. அவளைக் குரலக்கா என்றுதான் அவர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணம் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வெளியே வந்தபோது, தனியாக என்ன கிழித்துவிடுவாய் என்று கேட்டவர்களிடம் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவள். அன்றிலிருந்து வாசித்தது எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது. வரலாறு, பொருளாதாரம், உளவியல், சட்டம். அவற்றைக் கேட்டுப் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று தாங்களே பாடம் நடத்துகிறார்கள்.

இப்போது வாசித்துக்கொண்டிருந்தது வக்கீலுக்காக. இன்னும் வக்கீல் ஆகவில்லை, கடைசி வருடம் படிக்கிறாள். ஆனால் பேருந்து நடத்துனரிலிருந்து கல்லூரி முதல்வர் வரை யாரையும் வாதாடி மடக்கிவிடும் வாய் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் பரீட்சை. புத்தகத்தில் கடைசிச் சில அத்தியாயங்கள் பாக்கி. அதுவரை முடிந்ததை வாங்கிக்கொள்ள இன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நேற்றுதான் டிரைவில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. சுருக்கினால் இடம் கிடைக்கும் என்றது. சுருக்கு என்றாள். காலையில் எழுந்தபோது தொண்டை கட்டியிருந்தது, கம்ப்யூட்டரும் கிளம்பவில்லை.

தம்பியைப் போனில் பிடித்தாள். அவன் வேறு ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதெல்லாம்கா சுருக்கின?"

"எல்லாத்தையும்தான். மொத்த டிரைவையும்."

"அடிப்பாவி. கிளம்பறதுக்கே ஒரு சின்ன ஃபைல் வேணும். அதையும் சேர்த்து அமுக்கிட்ட. பெட்டி சாவியைப் பெட்டிக்குள்ளயே போட்டுப் பூட்டின மாதிரி."

"புத்தகமெல்லாம் போயிடுச்சா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கும். கதவுதான் மாட்டிக்கிச்சு. போன தடவை வந்தப்ப ஒரு பென் டிரைவ் வெச்சுட்டுப் போனேனே, இருக்கா? ஆமா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு? பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி?"

"ராத்திரி ஜில்லுன்னு தண்ணி குடிச்சேன். நீ வேலையைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கிளம்பவைத்து, பழுது நீக்கும் பக்கத்துக்குப் போய், அங்கே திறந்த கறுப்பு ஜன்னலில் அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்ன கட்டளையை ஒற்றை விரலால் தட்டினாள். தொடக்கக் கோப்பைப் புதிதாக எழுதும் கட்டளையாம். முடிந்தது என்று ஒரு வரி வந்தது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். விசிறி உறுமியது. வழக்கமான நீலம் திரையில் விரிந்தது.

"வந்துடுச்சுடா!"

"பார்த்தியா, தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அவன் சிரித்தான். "இப்ப அந்தச் சுருக்கத்தை எடுத்துடணும். இல்லேன்னா நாளைக்கும் இதே கூத்துதான். நான் போட்டு வெச்ச படமெல்லாம் இருக்கும் பாரு, தூக்கிப் போடு, இடம் கிடைக்கும்."

படங்களை அழித்தாள். டிரைவின் பெயரில் சொடுக்கி, அவன் சொன்ன சின்னக் கட்டத்திலிருந்த குறியை எடுத்தாள். ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழுந்தது. அதில் ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. கீழே, விரியும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஓடியது.

"ஓடுதா? ஓடட்டும். நடுவுல மட்டும் கரண்ட்டை நிறுத்திடாத. விரிஞ்சதும் போகும், விரியாததும் போகும். அப்புறம் அழுது புண்ணியமில்லை."

"சரிடா."

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா. சரின்னு சொன்னேனே."

"சத்தமே வரலை. கொஞ்சம் கிட்ட வந்து பேசு."

அவள் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, இருக்கேன் என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். காதுக்குள் அது, தூரத்து அறையில் யாரோ சொன்னதுபோல விழுந்தது. மெத்தைச் சுவர் சத்தத்தைத் தின்றுவிடும், தெரியும். ஆனால் இப்படி வாயிலிருந்தே எடுத்துத் தின்னாது. கம்பளி வாடை மூக்கில் ஏறியது. கழுத்தைத் தடவிக்கொண்டாள். தொண்டை வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று தோன்றியது; அங்கே ஒன்றுமே இல்லாததுபோல, யாரோ கழுவித் துடைத்து வைத்த பாத்திரம்போல, சுத்தமாக இருந்தது.

போனை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

பச்சைப் பட்டை பாதியைத் தொடப்போனது. கீழே சட்டப் புத்தகத்தின் கோப்புகள் ஓடின. அவளே பெயரிட்டவை, அவளுக்கு அத்துப்படியானவை. பதினைந்தாம் அத்தியாயம். பதினாறு. நேற்று முடித்த பதினேழு. அதோடு நிற்க வேண்டும்.

பதினெட்டு என்று ஓடியது. பத்தொன்பது. இருபது.

புத்தகம் அவள் மடியருகே ஸ்டூலில் இருந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அவள் செருகியிருந்த பேருந்துச் சீட்டு அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் இன்னும் புரட்டவே இல்லை.

எதையாவது இரண்டு முறை பதிந்து எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பேன், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. கோப்புறையைத் திறந்து, பதினெட்டைச் சொடுக்கினாள்.

அவள் குரல் வாசித்தது.

"அத்தியாயம் பதினெட்டு. சாட்சியின் அடையாளம்."

தடுமாறாமல் வாசித்தது. வாக்கிய நடுவில் மூச்சு வாங்காமல் வாசித்தது. அவள் புத்தகத்தை எடுத்து விரித்து, வரியோடு வரி வைத்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவளுடைய குரல்தான், ஆனால் அவளுக்கு இத்தனை வருடத்தில் ஒருநாளும் வாய்க்காத அளவுக்கு நன்றாக இருந்தது. வெல்லப் பாகுபோல இழைந்தது. பக்கம் முடிந்த இடத்தில் தாள் புரளும் ஓசைகூடக் கேட்டது. அவள் கையில் இருந்த தாள் அசையவில்லை.

அவள் அதை நிறுத்தினாள். கோப்புறையில் கீழே போனாள். அத்தியாயங்கள் முடிந்த இடத்துக்குக் கீழே இன்னும் இருந்தன, பெயர் வேறு மாதிரி. தம்பியிடம். பால்காரரிடம். வீட்டு ஓனரிடம். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. டிரைவில் இடம் ஏன் போனது என்று அப்போது புரிந்தது. தம்பி போட்டு வைத்த படங்கள் இடத்தை அடைக்கவில்லை.

கடைசிக் கோப்பின் பெயர்: வக்கீல் வந்தபோது.

சுட்டியை அதன் மேல் கொண்டுபோனாள். சொடுக்கினாள்.

"வாம்மா. நனைஞ்சுட்டியா? செருப்பை அங்கேயே விடு, பரவாயில்லை." ஒரு இடைவெளி, யாரோ பதில் சொல்வதற்கு விட்ட இடைவெளி. பிறகு ஒரு சிரிப்பு. "முடிச்சுட்டேன்மா, எல்லா அத்தியாயமும். உள்ள வா. கதவைச் சாத்திட்டு வா."

அவள் அதை அழித்தாள். கோப்பு மறைந்தது. திரும்ப வந்தது. அழித்தாள். வந்தது.

"யாரு நீ?" என்றாள். உதடு அசைந்தது. காற்று வந்தது. சொல் வரவில்லை.

மேசையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கேட்டான்: "அக்கா? என்ன ஆச்சு? ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

அவள் போனை நோக்கிக் குனிந்து, டேய், இங்கே ஏதோ சரியில்லை, உடனே யாரையாவது அனுப்பு என்று சொன்னாள். சொன்னாள் என்றால் வாயால் சொன்னாள். அவளுடைய காதுக்கே அது கேட்கவில்லை.

ஸ்பீக்கர் சொன்னது: "ஒண்ணுமில்லடா. பதிஞ்சதைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாயிடுச்சு."

"அப்பாடா. இப்பதான் குரலே நல்லா கேக்குது. தண்ணி சூடா குடி. வெச்சிடவா?"

"வெச்சிடுடா கண்ணு."

அவள் போனைப் பாய்ந்து எடுத்தாள். எடுப்பதற்குள் அது அணைந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறான் என்றது. கூப்பிட்டுத்தான் என்ன செய்ய? யார் பேசுவது?

பச்சைப் பட்டை முக்கால் தாண்டியிருந்தது.

அது ஓட ஓடத்தான் தன் குரல் போகிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை நிறுத்தினால் என்ன போகும் என்பதும் தெரியும். தம்பி சொல்லியிருந்தான். அவள் ஒரு கணம் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்தாள். காய்ச்சலோடு வாசித்த நாட்கள் அதற்குள் இருந்தன. அம்மா இறந்த வாரத்தில், அழுகை வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்த ஒரு முழுப் புத்தகம் இருந்தது. அதைக் கேட்டுத் தேறிய பையன் போன் செய்து, நடுவில் ஏன் அக்கா உங்கள் குரல் கனத்துப்போனது என்று கேட்டிருந்தான்.

போனால் போகட்டும். முதலிலிருந்து வாசிப்பேன். இன்னொரு முறை எல்லாவற்றையும் வாசிப்பேன். உனக்குக் கொடுக்கமாட்டேன்.

மேசைக்கடியில் மண்டியிட்டாள். மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். பேட்டரிப் பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. அதன் கம்பியையும் இழுத்தாள். சுவரிலிருந்த பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரின் ஒயரை முறுக்கிப் பிடுங்கினாள்; விரலில் கீறி ரத்தம் வந்தது. திரை செத்தது. விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. மின்னின பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. அறை இருட்டில், பஞ்சு வாடையில், அப்படியே அமுங்கியது.

அவள் மேசைக்கடியிலேயே மூச்சு வாங்கினாள். அந்த மூச்சுக்கும் சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு கனைப்பு. மெல்லியதாக, இருமுறை.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. மேசைக்கு மேலே, அவள் நாற்காலியில், உட்கார்ந்திருந்தால் அவள் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது.

"அத்தியாயம் பத்தொன்பது" என்றது.

அவள் கையை ஊன்றி வெளியே வந்து, எழுந்து நின்று, நாற்காலியைப் பார்த்தாள். கதவிடுக்கு வழியே வந்த சாயங்கால வெளிச்சத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பஞ்சு இருக்கை அமுங்கியிருந்தது. அவள் ஸ்டூலைத் தூக்கி, இருந்த பலம் முழுக்கத் திரட்டி, அந்த இடத்தில் அடித்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் எழவில்லை. குரல் மட்டும், விழாமல், அதே உயரத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஹாலில் அழைப்பு மணி அடித்தது.

வாசிப்பு நின்றது.

"கதவு திறந்துதான் இருக்கும்மா" என்று அது உரக்கக் கூப்பிட்டது. "வாம்மா. நனைஞ்சுட்டியா?"

அவள் ஓடினாள். நடைவழியில் சுவரில் தோள் இடித்தது. ஹாலுக்குள் வந்தபோது வக்கீல் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தாள். ஒரு கையில் மடக்கிய குடை சொட்டிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் வெள்ளைக் கோல். முகம் மலர்ந்து, பின்னறைப் பக்கம் திரும்பியிருந்தது.

"தொப்பலா நனைஞ்சுட்டேன்க்கா. வழியெல்லாம் தண்ணி. செருப்பு?"

"செருப்பை அங்கேயே விடு, பரவாயில்லை."

"பாக்கி அத்தியாயம் என்ன ஆச்சு? சமாதானம் மட்டும் சொல்லாதீங்க, ஏத்துக்கமாட்டேன்."

சிரிப்பு. "முடிச்சுட்டேன்மா, எல்லா அத்தியாயமும்."

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை உருவித் தட்டினாள். உள்ளே போகாதே. அது நான் இல்லை. அனுப்பினாள். வக்கீலின் பைக்குள்ளிருந்து போன் அந்த வார்த்தைகளை உணர்ச்சியில்லாமல் உரக்க வாசித்தது. வக்கீலின் புருவம் சுருங்கியது.

"அக்கா, உங்க நம்பர்ல இருந்து ஏதோ வந்திருக்கே. உள்ள போகாதேன்னு."

"போனைக் காலையிலயே தொலைச்சுட்டேம்மா. எவன் கையில மாட்டுச்சோ, எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்பறான். நீ உள்ள வா."

"அதானே பார்த்தேன்" என்று வக்கீல் கோலை முன்னே நீட்டினாள்.

அவள் குறுக்கே பாய்ந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வக்கீல் உறைந்தாள். குடை கீழே விழுந்தது.

"யாரு?"

நான்தான். நான்தான். அவள் அந்தக் கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஈர விரல்கள் அவள் கன்னத்தில், திறந்து மூடும் அவள் உதட்டில் பட்டன. வக்கீல் அலறிக் கையை இழுத்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு அவளிடம் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது பின்னறையில் இருந்தது.

"அக்கா! இங்க யாரோ நிக்கறாங்க! பேசாம நிக்கறாங்க! விட மாட்டேங்கறாங்க!"

"பயப்படாதம்மா" என்றது குரல். "நான் வரேன்."

பின்னறையில் நாற்காலி நிமிரும் ஓசை. பிறகு காலடி. மெதுவாக. நடைவழியில். வெறுங்கால்.

வக்கீல் நகத்தால் கீறினாள். கோலால் அடித்தாள். நெற்றியில் ஒன்று விழுந்து, கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அவள் விடவில்லை. வாசல் பக்கமாக இழுத்தாள். வக்கீல் காலை ஊன்றி எதிர்ப்பக்கம் இழுத்தாள். பயத்தில் வந்த பலம். ஒரு அடிகூட நகரவில்லை.

அப்படியானால் சரி. இங்கேயே.

பெண்ணைத் தனக்குப் பின்னால் தள்ளி, ஒரு கையால் அவள் மணிக்கட்டை இறுக்கியபடி, இன்னொரு கையால் நடைவழியின் நிலையைக் குறுக்கே பற்றிக்கொண்டு நின்றாள். எதிரே நடைவழி இருட்டு. காலடி நின்றது. ஒரு கை தூரத்தில். மூச்சு அவள் முகத்தில் பட்டது. துவைக்காத போர்வையின் வாடை. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே.

அவள் வாயைத் திறந்தாள். நரம்பு புடைக்க, தாடை வலிக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். போ. வெளியே போ. இது என் வீடு. சத்தமே இல்லாமல், வாய் கிழிய, கத்திக்கொண்டே இருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வக்கீல், அழுதுகொண்டே, அந்த இருட்டுப் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"சீக்கிரம் வாங்கக்கா."